பாசிர் ரிஸ் போகும் புது பஸ்

நான் வேலைக்குச் சேர்ந்த பஸ் கம்பெனியில், எந்தத் தடத்தில் எந்த வண்டி ஓட வேண்டும் என்று முடிவு செய்ய ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. யார் குறை சொல்ல வந்தாலும் மேசை விசிறியை முதலில் அவர்கள் பக்கம் திருப்பிவிட்டுத்தான் காது கொடுப்பார்.

எரிபொருளை மிச்சப்படுத்தும் புது பஸ்களுக்கு, அவை ஓடும் தூரத்தைப் பொறுத்து மானியம் கிடைத்தது. அதனால் அவற்றையெல்லாம் நீளமான பாசிர் ரிஸ் தடத்துக்கே அனுப்புவார். அதில் பாதி இருக்கை காலியாகப் போகும். கூட்டம் பிதுங்கும் பூன் லே தடத்துக்கு, உள்ளேயே புகை நாறும் பழைய பஸ்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் போய் நின்றேன்.

"அண்ணே, பூன் லேக்கு ஒரு புது பஸ்ஸாவது குடுங்க. எங்கம்மா அதுலதான் வேலைக்குப் போறாங்க. இருமி இருமி தூங்கறதே இல்ல."

விசிறி என் பக்கம் திரும்பியது.

"தம்பி, பூன் லே சின்ன ரூட் லா. மானியம் கிலோமீட்டருக்குத்தான், ஆளுக்கு இல்ல."

"அதுக்காக?"

"என் வீட்டுக்காரியும் அந்த பஸ்லதான் போறா. தினம் என்னைத் திட்டுறா."

"அப்பவும் மாத்த மாட்டீங்களா?"

"அவளுக்கே மாத்தல. உங்கம்மாவுக்கு எப்படிப்பா மாத்துவேன்?"

ஏதோ நியாயம் பேசுவதுபோல்தான் சொன்னார். அந்த வீட்டில் அவருக்கு இரவுச் சோறு எப்படி இறங்குகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.