பாதி உப்பு

எங்கள் தெரு முனையில் இருக்கும் உணவகத்தின் பலகையில் 'சங்கமம் – ஆசிய உணவு' என்று எழுதியிருக்கும். சங்கமம் எல்லாம் பலகையோடு சரி. உள்ளே அடுப்படியில் நிற்கும் இரண்டு பேரும் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பேசுவது கிடையாது. ஒருவர் கடைக்காரியின் புருஷன். இன்னொருவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஒரே உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

நான் அதே வரிசையில் சலவைக்கடை வைத்திருக்கிறேன். அவர்களுடைய மேசை விரிப்பும் சமையல் ஏப்ரனும் என்னிடம்தான் வெளுக்க வரும். ஒரு ஏப்ரனில் சோயா சாஸின் கறுப்புக் கறை, இன்னொன்றில் மீன் சாஸின் பழுப்புக் கறை. முன்னது சுலபத்தில் போகாது. பின்னது போனாலும் வாடை போகாது. இரண்டு பேரையும் மாதத்தில் பல நாள் மனதாரத் திட்டியிருக்கிறேன்.

கடைக்காரிக்குத் தெருவில் 'தூது' என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் தூது. அவளுக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பேருந்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கிற வேலை பார்த்தவள். போன் பண்ணுகிறவன் டிரைவரின் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவான். இவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'பயணி வருத்தம் தெரிவித்தார்' என்று மேலே சொல்லிவிடுவாளாம். அந்த வேலையை விட்டுவிட்டாள். பழக்கம் கூடவே வந்துவிட்டது.

சண்டை தொடங்கியது கடை திறந்த அன்றைக்கு. அண்ணன் பல வருஷம் வேலை பார்த்த சமையலறையில் எதுவும் சோயாவில்தான் ஆரம்பிக்கும். புருஷன் பழகிய இடத்தில் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் மீன் சாஸும். இரண்டையும் சேர்த்து ஒரு நூடுல்ஸ் சூப் போடுவது என்று பேசி வைத்துத்தான் கடையே திறந்தார்கள். இரண்டு சாஸிலுமே உப்பு உண்டு. சூப் என்னுடையது என்று அவரும் முழு அளவு ஊற்றினார், என்னுடையது என்று இவரும் முழு அளவு ஊற்றினார். முதலில் சாப்பிட வந்த ஆள் இதற்குக் கடல் தண்ணீரே தேவலை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அண்டாவோடு கொட்டினார்கள். அன்றைக்குப் பேச்சு நின்றது.

மறுநாள் சூப் சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. எப்படி என்று யாரும் கேட்கவில்லை, ருசியாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நானும் முதல்முறை கிண்டல் பண்ணத்தான் போனேன். நாலு நாட்டுச் சமையலை ஒரே கிண்ணத்தில் கலக்கி அதற்கு ஒரு பேர் வேறு வைத்திருக்கிறார்கள் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஒரு கிண்ணம் முடித்து இன்னொன்று கேட்டேன். தூது கொண்டு வந்து வைத்தாள், உதட்டோரம் லேசாகச் சிரிப்பு.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஜன்னல் ஒன்று உண்டு. அதன் பக்கத்து மேசை எனக்கு வாடிக்கை ஆனது. அங்கே உட்கார்ந்தால் சாப்பாட்டோடு நாடகமும் பார்க்கலாம். அண்ணனும் புருஷனும் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பார்கள். புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பி, இஞ்சியை இப்படி மலைமாதிரி அரிந்து வைத்தால் அதை யார் தலையில் கொட்டுவது என்று உங்க அண்ணனைக் கேள் என்பார். அது அண்ணன் காதில் விழாமல் இருக்குமா? விழும். ஆனால் காதில் விழுந்ததற்குக் கணக்கு இல்லை. தங்கை வாயால் வந்தால்தான் அது பேச்சு. அவள் தட்டை எடுத்துக்கொண்டே, "அண்ணே, இஞ்சி இன்னிக்கு இது போதுமாம்" என்பாள். அண்ணன் கத்தியைக் கீழே வைப்பார். அவர் பதிலுக்குச் சொல்வதிலும் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் புருஷனிடம் கொடுப்பாள். எத்தனையோ வருஷம் அந்தக் கடை இப்படித்தான் நடந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கை. அவளுக்கு அது வேடிக்கை இல்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்தவீடு என்று இருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். அவரும் புருஷனும் ஒரு கூரைக்குக் கீழே நிற்கிறவரைக்கும் அவளுக்கு இரண்டு வீடும் உண்டு. ஒருவர் வெளியே போனால் ஒரு வீடு போயிற்று. அதற்காகத்தான் நாள் முழுக்க அந்த ஜன்னலில் நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு மேசையில் குழந்தை சூப்பைத் தட்டிவிட்டு அழுகிறது, இன்னொரு மேசையில் சொன்னது வரவில்லை என்று சத்தம். தூது இரண்டு கையிலும் தட்டோடு ஜன்னலுக்கு வந்தாள். உள்ளே புருஷனுக்கு ஏதோ எரிச்சல். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆளே தேவையில்லை, ஒத்தைக் கையாலேயே இந்தக் கடையை ஓட்டுவேன் என்று சொல் என்றார். அதைவிட மோசமானதையெல்லாம் அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவள் அதைத் 'தலைவலியாம், அண்ணே' என்று மாற்றியிருப்பாள். அன்றைக்கு அவள் கண் குழந்தை மேல் இருந்தது. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"பக்கத்துல ஆளே தேவையில்லையாம், அண்ணே. அவரு ஒருத்தரே கடைய ஓட்டிடுவாராம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். புருஷன் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். அவருக்கும் அதிர்ச்சிதான். அவர் சொன்னது அப்படியே போய்ச் சேரும் என்று அவரே நினைக்கவில்லை.

அண்ணன் ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். சங்கமத்தில் சூப் சப்பென்று ஆனது. புருஷன் என்னென்னவோ செய்து பார்த்தார். நானும் சாப்பிட்டுவிட்டு, எனக்கு வராத நாசூக்கோடு, பரவாயில்லை என்று பொய் சொன்னேன். மேசைக்கு மேசை சாஸ் பாட்டில் கைமாறியது.

ஒரு நாள் விரிப்புகளைக் கொண்டு வந்தபோது தூது என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மேசையில் இருக்கிற சோயா பாட்டில் எல்லாம் தினம் காலியாகிறது, மீன் சாஸ் பாட்டில் அப்படியே இருக்கிறது என்றாள். அதனால் நேற்று அவர் சூப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தாளாம்.

"மீன் சாஸ பாதி ஊத்தறாரு, கை நின்னுடுது. ஊத்துங்கன்னா, போதும்ங்கறாரு. அவருக்கே தெரியல. அண்ணன் கேன்டீன் சூப்பும் வாங்கிக் குடிச்சுப் பாத்தேன். அதுலயும் உப்பு பாதிதான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சூப்பைக் கொட்டிய மறுநாளிலிருந்து இரண்டு பேரும் மற்றவர் எப்படியும் ஊற்றுவார் என்று பாதியோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமும் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒருவருக்கு ஒருவர் இடம் விட்டுத்தான் சமைத்திருக்கிறார்கள். தூதுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நான்தான் அண்ணனை அனுப்பினேன் என்றாள். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். இஸ்திரிப்பெட்டியை அணைத்து வைத்தேன்.

அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டாள். சமைக்க வரச் சொல்லிக் கூப்பிடவில்லை, என் கடையில் ஒரு வேளை சாப்பிட வா என்றுதான் கூப்பிட்டாளாம். தங்கை கூப்பிட்டு எப்படி மாட்டேன் என்பது?

அடுத்த விடுமுறை நாளில் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்தார். தூது அவரை என் மேசையில், எனக்கு எதிரே, ஜன்னலுக்கு நேரே உட்கார வைத்தாள். உட்கார வைக்கும் முன்பே அந்த மேசையில் இருந்த பாட்டில்களை எடுத்துவிட்டாள். உள்ளே புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். சூப் வந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்தார். கை தானாக மேசையைத் துழாவியது.

"சோயா பாட்டில் எங்கம்மா?"

"அது உள்ள இருக்கு, அண்ணே."

எடுத்து வரவும் இல்லை, இடத்தை விட்டு நகரவும் இல்லை. அண்ணன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் ஜன்னலைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"உப்பு பாதிதான் இருக்குன்னு சொல்லும்மா."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. தூது அதைச் சொல்ல வாய் திறக்கும் முன்பே பதில் வந்தது.

"மச்சானுக்கு எடம் விட்டுத்தான் வச்சிருக்கேன்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் இரண்டுமே கேட்டுவிட்டது. ஆனாலும் அவள் வாயால் வந்தால்தானே கணக்கு? தூது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மச்சானுக்கு எடம் விட்டுத்தான் வச்சிருக்காராம், அண்ணே."

ஒரு சொல்லையும் எடுக்கவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை. அண்ணன் ஆறிப்போன கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். புருஷன் ஒரு அடி தள்ளி நின்றார்.

இப்போது பேசிக்கொள்கிறார்களா என்று கேட்பீர்கள். அதெல்லாம் இல்லை. இஞ்சிக்கும் பூண்டுக்கும் இன்னும் அவள்தான் ஜன்னலில் நிற்கிறாள். அந்த வாரத் துணி மூட்டையைப் பிரித்தபோது மறுபடியும் இரண்டு ஏப்ரன் இருந்தன. கறுப்புக் கறை படிந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல அண்ணனைத் திட்டிக்கொண்டே நெடுநேரம் தேய்த்தேன்.