எங்கள் அரை மணித்தியாலம்

அந்த வலைத்தளத்தை ஆர் செய்தது என்று கேட்கிறவர்கள், கேட்ட கையோடு பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். கொழும்பிலே செய்ததாக்கும். இல்லாவிட்டால் கனடாவிலிருந்து வந்திருக்கும். ஊர்காவற்றுறையில், பின்பக்கம் ஜெனரேற்றர் இரைகிற ஓர் அறையில் இருந்து நாங்கள் இரண்டு பேர் செய்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். முதல் இரண்டு மூன்று தடவை இருத்தி விளங்கப்படுத்தினேன். பிறகு கோபம் வந்தது, விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் கெதியில் வரும்.

இரண்டு பேரில் ஒருத்தி நான், வேலணைக்காரி. மற்றவர் ஊர்காவற்றுறையில் கடல்தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, என்னோடு ஒன்றாகப் படித்தவர். சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் வெளிநாட்டு ஊர்ச்சங்கம் ஒன்று அந்த அறையைத் திறந்து, நாலு கொம்பியூட்டரும் ஓர் இன்ரநெற் இணைப்பும் போட்டுத் தந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பொறுப்பாக இருந்தார். அங்கே வந்தால் வெளிநாட்டிலிருக்கிற பிள்ளையின் முகத்தைத் திரையில் பார்த்துக் கதைக்கலாம். படம் விட்டு விட்டுத்தான் அசையும். அதற்கே புங்குடுதீவிலிருந்தும் அனலைதீவிலிருந்தும் சனம் வந்து நின்றது.

தபாலதிபர் முதலில் ஒரு கொப்பியில்தான் நேரம் குறித்தார். கொப்பியை வெளிநாட்டிலிருக்கிற பிள்ளை பார்க்க ஏலாது. அதனால் நாங்கள் வலைத்தளம் கட்டினோம். பிள்ளை அங்கிருந்தே அரை மணித்தியாலத்தைப் பதிவு செய்யலாம். எந்த நாட்டில் இருந்து பார்த்தாலும் அந்த நாட்டு நேரத்தில் காட்டும். இதையெல்லாம் அத்திவாரத்திலிருந்து எழுதவில்லை. பிரேம்வேர்க் என்று ஒன்று இருக்கிறது: வலைத்தளம் கட்டுகிறவர்களுக்கு எப்போதும் வேண்டிய பாகங்களை ஆரோ முதலே செய்து வைத்திருப்பார்கள், அதற்கு மேலே நாங்கள் எங்களுக்கு வேண்டியதைக் கட்டலாம். நாங்கள் எடுத்தது குளிர்நாடு ஒன்றில் ஏழெட்டுப் பேர் செய்து இலவசமாக விட்டிருந்த ஒன்று.

தொடக்கத்திலிருந்தே எங்களுக்கு வந்த தலையிடி நேரம்தான். தொண்ணூற்றாறில் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டது. அரசாங்கக் கந்தோர்கள் புது நேரத்துக்கு ஓடின. சனத்தில் பாதி பழைய நேரத்தை விடவில்லை. இரண்டுக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். ஒருவரை மூன்று மணிக்கு வரச்சொன்னால் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்பார். கேட்காதவர் பிந்தி வருவார். துண்டில் இரண்டு நேரத்தையும் எழுதிக் கொடுத்தோம், சுவரில் அறிவித்தல் ஒட்டினோம். ஆரும் நேரம் தவறினால் பழைய நேரத்தின் தலையில் போட்டுவிட்டு நாங்கள் அடுத்த வேலையைப் பார்ப்போம்.

இரண்டாயிரத்து ஆறில், சித்திரை வருசப் பிறப்பு முடிந்த கையோடு, அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது. எனக்குப் பெரிய ஆறுதல். பிரேம்வேர்க்கின் அமைப்புப் பக்கத்தில், கிரீன்விச்சை விட எத்தனை மணித்தியாலம் முன்னே என்ற இடத்தில் ஆறை அழித்து ஐந்தரை என்று போட்டேன். அது ஒரு சத்தமும் காட்டாமல் வாங்கிக்கொண்டது. சுவரிலிருந்த அறிவித்தலை நானே கிழித்தேன்.

அதற்குப் பிறகு சிலர் நேரம் தவறினார்கள், மாற்றத்துக்கு இன்னும் பழகவில்லை என்று நினைத்து விட்டுவிட்டோம். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனலைதீவிலிருந்து ஓர் அம்மா வந்தா. மகன் கப்பலில் வேலை, முகம் பார்த்து ஆறு வருசம். மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை அவவுக்கு. திரை கறுப்பாகவே கிடந்தது. கடைசிப் படகு நாலு மணிக்கு, அதற்குப் பிறகு கடலில் ஓட அனுமதியில்லை. மூன்றரைக்கு எழும்பி இறங்குதுறைக்குப் போனா.

அடுத்ததாக மண்கும்பானிலிருந்து வந்த குடும்பம் இருந்தது. திரையில் ஒரு பெடியன் வந்தான். தங்கட தம்பியின் கூட்டாளி, தம்பி வரும்வரை இருக்கிறான் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்களில் முன்பின் தெரியாத முகம் வந்தால் எழும்பி ஓடமாட்டார்கள், எந்த இடம், ஆருடைய பிள்ளை என்று கேட்டுத் தொடங்குவார்கள். சுற்றி வளைத்து அவன் முதலில் இருந்துவிட்டுப் போன அம்மாவின் மகன் என்று பிடிபட்டபோது படகு வெளிக்கிட்டுவிட்டது. அடுத்த ஞாயிறும் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி, பதிவும் போட்டுவிட்டு அவன் போனான். எங்களிடம் முறைப்பாடு வரவில்லை. நல்ல பெடியன் என்றுதான் சொல்லிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை அந்த அம்மா திரும்பி வந்தா. மண்கும்பான் ஆட்களைச் சந்தையில் கண்டு கதையெல்லாம் அறிந்திருந்தா. சத்தம் போடவில்லை.

"என்ர பிள்ளையை ஆரோ அரை மணித்தியாலம் பாத்துக் கதைச்சிருக்கினம். நான் பாக்கேல்லை."

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பத்து வருசப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிற்று.

"நீங்கள் பழைய நேரத்தைப் பாத்து வந்திருப்பியள், அம்மா."

அவ என்னைப் பார்த்தா. "இப்ப பழசும் புதுசும் ஒண்டுதானே, பிள்ளை. நான் எந்த நேரத்தைப் பிழையாப் பாக்கிறது?"

பக்கத்துக் கதிரையில் இருந்த ஊர்காவற்றுறைக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். பிழை சனத்தில் இருக்க இனி வழியே இல்லை. இருந்தால் எங்களில் இருக்கவேண்டும்.

மகனுக்கு அறிவிக்கவும் முடியாது. கப்பல் கடலில் நின்றது. ஞாயிறு வேறொரு துறைமுகத்தில் இறங்கி, எங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் அங்கத்தைய நேரத்தை அறிவான். அதன் பிறகு மூன்று மாதத்துக்குக் கரையில்லை. பக்கம் பிழையாகக் காட்டினால் அவன் மறுபடி மூன்றரைக்கு வருவான், தாய் மறுபடி படகுக்கு எழும்பிப் போவா.

தபாலதிபர் ஒரு வழி சொன்னார். ஆறு என்றே திரும்பப் போடுங்கோ, இந்த அறை மணிக்கூடு மட்டும் அரை மணித்தியாலம் முந்தி ஓடட்டும், சனத்துக்குச் சொல்லிச் சமாளிப்பம். நாடு முழுக்க ஒரு நேரத்துக்கு வந்த பிறகு எங்கள் அறைக்கு மட்டும் தனி நேரமா? ஏலாது என்றேன். அப்படியென்றால் சனி பின்னேரத்துக்குள் திருத்துங்கோ, இல்லாவிட்டால் திங்களிலிருந்து கொப்பிதான் என்றார். அவரிலும் பிழையில்லை.

நாங்கள் எழுதிய பகுதியை இரண்டு நாள் வரி வரியாகத் தேடினோம். பிழை அங்கே இல்லை. வெள்ளி காலை ஊர்காவற்றுறைக்காரர் பிரேம்வேர்க்கையே திறந்தார். எனக்கு அதைத் தொடப் பயம். வெளிநாட்டில் பெரிய ஆட்கள் எழுதியது, அதில் பிழை இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக் கொழும்பில் செய்ததோ என்று கேட்கிற சனத்துக்கும் எனக்கும் அந்த விசயத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

"இஞ்சை பாரும்," என்றார். "இது முழு எண்ணை மட்டும்தான் வைச்சிருக்கும். நீர் ஐந்தரை குடுத்தனீர். அது அரையை விழுங்கிப்போட்டு ஐந்தெண்டு வைச்சிருக்கு. அதாலை எங்கட மூண்டு மணியை வெளிநாட்டிலை அரை மணித்தியாலம் பிந்திக் காட்டியிருக்கு."

அவ்வளவுதான். அரை மணித்தியாலக் கணக்கில் வாழ்கிற நாடுகளும் உலகத்தில் உண்டு என்று அந்த ஏழெட்டுப் பேருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் இந்தியாவே அப்படித்தான் இருக்கிறது. ஆறு என்று இருந்தவரை எங்களுக்கும் அது தெரியவரவில்லை.

மணித்தியாலத்தை நிமிடமாக்கினோம். ஐந்தரைக்குப் பதில் முந்நூற்று முப்பது. சொல்லச் சின்ன வேலை, தொட்டது பதினேழு இடம். ஓர் இடத்தைத் திருத்தினால் நாட்காட்டி உடைந்தது, அதைத் திருத்த நினைவூட்டல் கடிதம் போகாமல் நின்றது. எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்ற நேரத்தில் கடதாசியில் எழுதிப் பார்த்தோம். ஏற்கெனவே பதிவாகியிருந்த நேரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்தோம். சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாம் ஓடியது. தபாலதிபர் தன் கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்தார்.

திருத்தத்தைப் பிரேம்வேர்க் செய்தவர்களுக்கும் அனுப்பினோம். கூடவே ஒரு சோதனை, நாலு வரி: ஊர்காவற்றுறையில் பின்னேரம் மூன்று மணியென்றால் கிரீன்விச்சில் காலை ஒன்பதரை வருகிறதா என்று பார்ப்பது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நன்றி சொல்லி, ஒரு வரியும் மாற்றாமல் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது, இணைப்புப் போனது, அறையையும் பூட்டினோம். ஆனால் பிறகு வந்த ஒவ்வொரு பதிப்பிலும் அந்தச் சோதனை இருந்தது. எங்கேயோ இருக்கிற ஒருவர் பிரேம்வேர்க்கில் ஒரு வரி மாற்றினாலும், ஊர்காவற்றுறையில் நேரம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மா மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கதிரையில் இருந்தா. நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம். மூன்று மணி. திரை கறுப்பு. பிறகு படம் ஒருதரம் வெட்டி, அவன் முகம் வந்தது.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு அதை எடுத்துவிட்டு, "இந்தமுறை நேரத்துக்கு வந்திட்டாய்," என்றா.

"போனமுறையும் நேரத்துக்குத்தான் வந்தனான், அம்மா."

"ஓம், தெரியும். நானும் நேரத்துக்குத்தான் வந்தனான். பெட்டியிலைதான் பிழை. இந்தப் பிள்ளையள் திருத்திப்போட்டினம்."

எங்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக் கமராவுக்கு முன்னால் விட்டா. அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான், இது கொழும்பில் செய்ததோ என்று. நான் வாய் திறக்கமுன் அம்மா சொன்னா.

"கொழும்போ? இஞ்சைதான். வேலணைப் பிள்ளையும் ஊர்காவற்றுறைப் பிள்ளையும் செய்தது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெனரேற்றரைப் பார்க்கப் போவதுபோல வெளியே போய் நின்றேன். மூன்றரைக்கு அம்மா வெளியே வந்து, என் கன்னத்தைத் தடவிவிட்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தா. படகுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.