டாக்டரம்மாவின் மரத்த நாக்கு

டீக்கடையில் யாராவது கொட்டாவி விட்டால் போதும், டாக்டர் யின் மே குடிப்பதை நிறுத்திவிட்டு அவர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். "நல்ல வாய்! தாராளமா மூணு விரல் போகும்" என்று பாராட்டு வேறு. பர்மாவின் மண்டலேயில் எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பவர் அவர். நான் ஆபரேஷன் அறை நர்ஸ். அவரோடு கல்யாண வீடுகளுக்குப் போய் என் மானம் போன கதை எனக்குத்தான் தெரியும்.

குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் வெற்றிலையும் புகையிலையும் கடைவாயில் அடக்கியே வாழ்கிறார்கள். சிலருக்கு நாளாக நாளாகக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயே திறக்காமல் போய்விடும். அப்படிப்பட்டவரைத் தெரியாமல் மயக்கிவிட்டால் மூச்சுக்குழாய் வைக்க வழி கிடைக்காது.

லாரி ஓட்டும் கோ தெய்ன் ஸோ அந்த வாயோடுதான் வந்தார். குடல் முறுக்கிக்கொண்டு வயிறு பானையாக வீங்கியிருந்தது.

"ரெண்டு வருஷமா சோத்தைக் குழைச்சுத்தான் குடுக்கிறேன் டாக்டரம்மா. ஆளு பொழைச்சு வந்துருவாரா?" என்று அழுதாள் மனைவி மா எய்.

புதிதாக வந்த டாக்டர் மோ சோவுக்கு அவசரம். "தூங்க வச்சிட்டுப் பாத்துக்கலாமே மேடம்?"

"தூங்கினப்புறம் மூச்சு நின்னா எந்த வழியாப்பா உள்ள போவே? என் தலை வழியாவா?"

ஆள் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, அதன்மேல் குழாயை இறக்க வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்தை நோயாளிக்கு அடிக்கும் முன் டாக்டரம்மா தன் நாக்கில் அடித்துக்கொள்வார். கஷ்டமான கேஸ் வரும் நாளெல்லாம் அவர் பேச்சு மழலையாகிவிடும். நாங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிப்போம்.

"பாத்தியா தம்பி, என் நாக்கும் தடிச்சுப் போச்சு. ஒண்ணும் ஆகலே. மொதல்ல, கன்னத்துல ஒளிச்சு வச்சிருக்கியே, அதைத் துப்பு."

"எதை?"

"என்கிட்டயே கதையா? துப்புடா!"

துப்பினார். ஒரு விரல் நுழையாத வாய்க்குள், அத்தனை வலியிலும், அந்த வெற்றிலையை எப்படித்தான் திணித்தாரோ மகராசன்!

"இப்போ மூச்சை நல்லா இழு. நிறுத்திடாதே. நானும் கூடவே இழுக்கிறேன்."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள், விட்டார்கள். ஓர் இருமலோடு குழாய் இறங்கியது. திரையில் கோ தெய்ன் ஸோவின் மூச்சு அலையலையாக எழுந்த பிறகே தூக்க மருந்தை ஏற்றினோம். அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

ஆபரேஷனில் குடலும் பிழைத்தது. ஆள் முழுதாக விழித்துத் தலையைத் தூக்கிக் காட்டும்வரை டாக்டரம்மா குழாயை எடுக்க விடவில்லை. எடுத்ததும் நேரே வெளியே போனார். கன்னத்தில் அரைத்துப் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைப் பூச்செல்லாம் கண்ணீரில் கரைந்து நின்றாள் மா எய்.

"இருக்காரா?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக் கட்டிலருகே கூட்டி வந்தார். அவள் புறங்கையைத் திருப்பி, மூச்சுப் படும்படி கணவனின் மூக்கருகே வைத்துப் பிடித்துக்கொண்டார்.