கிளிசாமியின் தமிழ்

“வலிக்குதா?” என்று கேட்டபடிதான் கிளிசாமி காலையில் ஸ்டோருக்குள் வருவார். அவருக்கு அதுதான் குட்மார்னிங். “இல்லை” என்று சொன்னால் அடுத்து, “கஞ்சி குடிச்சியா?” அதற்கும் தலையாட்டிவிட்டால், “சரி, கம்முனு கெட” என்று நாற்காலியில் உட்காருவார். மேனேஜருக்கும் இதே மரியாதைதான்.

கில்லெஸ்பி என்பது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர். ஸ்காட்லாந்துக்காரர், அறுபத்து மூன்று வயது, துபாய் ஜெபல் அலியில் எங்கள் கம்பெனியின் ஸ்டோர் இன்சார்ஜ். அந்தப் பெயர் எங்கள் ராமநாதபுரத்து வாயில் நுழையாததால் கிளிசாமி ஆனார். மூக்கும் பொருத்தமாகத்தான் இருக்கும்; வெயிலில் தோலுரிந்து மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும். அவரை இங்கிலீஷ்காரர் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எனக்கு மட்டும் டீ போடவில்லை.

தமிழை அவர் கற்றது கைதி முகாமில். இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் பாராசூட் பட்டாளம். துனிசியாவில் குதித்தபோது காலை முறித்துக்கொண்டு பிடிபட்டார். இத்தாலியில், கைதிகளின் ஆஸ்பத்திரிக் கொட்டகையில், பக்கத்துக் கட்டில் ராக்கப்பன். எங்கள் ராமநாதபுரம் சீமைக்காரன், மெட்ராஸ் பட்டாளத்தில் இருந்து பிடிபட்டவன். அவனால் எழுந்து நடமாட முடிந்தது. ஐந்து மாதம் இவருக்குத் தண்ணீர் கொடுத்து, கஞ்சி ஊட்டி, வலியில் கத்தினால் அதட்டி, ஒருவழியாக நடக்கவைத்தான். எப்போது கூப்பிட்டாலும், “இந்தா வர்றேன்” என்பான். வந்துவிடுவான்.

பிறகு ஜெர்மன்காரன் முகாமை எடுத்துக்கொண்டான். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு ரயில், இந்தியர்களுக்கு ஒரு ரயில். கிளிசாமி தன் ஊர் விலாசத்தை எழுதி ராக்கப்பன் கையில் கொடுத்தார். பிரியும்போது அவன் சொன்னது ஒரே வார்த்தை: “வர்றேன்.”

அந்த வார்த்தையை நம்பி மனிதர் நாற்பத்திரண்டு வருஷம் காத்திருந்தார். ஜெர்மனியில் இரண்டு குளிர்காலம் கைதியாகக் கிடந்துவிட்டு வீடு திரும்பியவர், அப்புறம் வீட்டை மாற்றவே இல்லை. டவுனுக்குப் போகலாம் என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாராம். விலாசம் மாறினால் அவன் எங்கே வருவான் என்று மறுத்துவிட்டார். மனைவி இறந்தபின்தான் துபாய்க்கு வந்தார். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார். ராக்கப்பன் என்று யாராவது வந்தால் திறந்துவிட வேண்டுமாம்.

நான் லீவில் போகும்போதெல்லாம், “சேதுபதி, ராக்கப்பனைக் கேளு” என்பார். எங்கள் தாலுகாவில் ராக்கப்பா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், யாரிடம் போய்க் கேட்பது? “மறந்திருப்பான் சார்” என்று ஒருமுறை சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. “ராக்கப்பன் பொய் மாஃபி. வர்றேன் சொன்னான்.” மாஃபி என்றால் அரபியில் இல்லை. நம் ஆட்கள் கிளம்பும்போது சும்மா அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. லீவில் போகிறவர்களும் அவரிடம் “வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டு, இரண்டே மாதத்தில் திரும்பியும் வந்து தொலைத்தார்கள். அவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

சென்ற வாரம் லோடர் கார்மேகம் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். எங்கள் கேம்ப்பில் அப்படிப் போகிற முதல் ஆள். ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, “வர்றேன் சார்” என்றான்.

“விசா கலாஸ், முடிஞ்சது. எப்ப வர்றே?” என்றார் கிளிசாமி.

கார்மேகம் சிரித்துவிட்டான். “அட ஏன் சார்! இனி எங்குட்டு வர? கெளம்புறப்ப போறேன்னு சொல்லக் கூடாது சார். வராதவனும் வர்றேன்னுதான் சொல்லணும்.”

கிளிசாமி என்னைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் சொன்னேன். நாற்பத்திரண்டு வருஷத்தைப் பாவி நானா முடித்துவைக்க வேண்டும்?

அவர், அப்படிச் சொன்னால் பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

“சரி, போயிட்டு வா” என்றேன்.

உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “அன்றைக்கு ரயிலடியில் நான் ஒன்றுமே சொல்லவில்லையே” என்றார், ஆங்கிலத்தில்.

பஸ் உறுமியது. கிளிசாமி ஜன்னலருகே போய்க் கார்மேகத்தின் கையைப் பிடித்தார்.

“சரி, ராக்கப்பா. போயிட்டு வா.”

கார்மேகம் முழித்தான். பஸ் மெல்ல நகர்ந்தது. அந்தக் கையை விடாமல் கிளிசாமி கேட் வரைக்கும் கூடவே நடந்தார்.