எந்த அட்டையை அனுப்புவது

வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்படி கொழும்புத் திணைக்களத்தைக் கோரும் உறவினர், அரசாங்கம் வழங்கிய புகைப்பட அடையாளம் ஏதேனும் ஒன்றின் உறுதிப்படுத்திய பிரதியை இணைத்தால் போதும் என்பது சுற்றறிக்கையில் வந்த விதி. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, தபால் அடையாள அட்டை மூன்றும் அந்தச் சுற்றறிக்கையில் ஒரே வரியில் இருந்தன. ‘ஏதேனும் ஒன்று’ என்பதன் கீழே நானே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அப்போது நான் உதவி அரசாங்க அதிபர் காரியாலயத்தில் இலிகிதன். சுற்றறிக்கைகளைக் கோவையில் போடுவதோடு நிற்காமல் வாசிக்கவும் செய்த சிலரில் ஒருவன். அந்தப் பழக்கத்தால் எவருக்கும் நன்மை விளைந்ததாக நினைவில்லை.

விசாரிக்கப்பட வேண்டியவர் என் தங்கையின் கணவர். மாவடிப்பள்ளி வயல் இரண்டு வருடம் தொடர்ந்து வெள்ளத்தில் போனபின், வளைகுடா நாடொன்றுக்குக் கட்டட வேலைக்குப் போனவர். மாதம் இரண்டு கடிதம் தவறாமல் வரும். நோன்புக்கு இரண்டு மாதம் முந்தி, ரஜப் மாதத்தில் அது நின்றது. நாங்கள் எழுதியவையும், அந்த இடத்தில் அப்படி ஒருவர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தன. வேலை மாறியிருப்பார் என்று பேசிக்கொண்டோம். நோன்புக்குத் தலைப்பிறை கண்ட வாரம் தங்கை என்னிடம் வந்தாள்.

“மௌத்தெண்டா நான் இத்தா இரிக்கணும் காக்கா. ஹயாத்தெண்டா வரட்டும், நல்லா ஏசணும். ரெண்டும் செய்யாம எப்பிடி இரிக்கிற?”

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரம் துறந்து வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. அவருக்காக அவள் செய்யக்கூடிய கடைசிக் காரியம். அவர் மௌத்தா, ஹயாத்தோடு உயிருடன் இருக்கிறாரா என்பது தெரியாமல், அதைத் தொடங்குவதா இல்லையா என்று அவள் நின்றாள்.

அவளிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. தேசிய அடையாள அட்டை கலியாணத்துக்கு முந்தியது. பள்ளிக்கூடத்தில் வைத்துப் படம் பிடித்தவர், காது இரண்டும் தெரிய வேண்டும் என்று முக்காட்டை இரண்டு விரலால் பின்னே தள்ளிவிட்டார். அந்தப் படத்தில் அவள் தலை திறந்து, யாரோ கன்னத்தில் அடித்ததுபோல் முழித்துக்கொண்டிருந்தாள். தபால் அடையாள அட்டை, கணவரின் பதிவுக் கடிதங்களைப் பெறுவதற்காக எடுத்தது. அதில் முக்காடு ஒழுங்காக இருந்தது.

எதை அனுப்புவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் அப்போது பிரதி எடுக்கும் இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. கறுப்பு விழுந்து பழுதான பிரதிகளைக் கடைக்காரர் கிழிப்பதில்லை. பக்கத்துத் தேநீர்க் கடைக்குக் கொடுத்துவிடுவார். ஒருமுறை என் வடையைச் சுற்றி வந்த காகிதத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் முகமும், பிறந்த திகதியும், வீட்டு விலாசமும் எண்ணெயில் ஊறியிருந்தன. அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தேன். என் தங்கையின் திறந்த தலை வடை சுற்ற அல்ல.

அவளுக்கு இந்த வாதம் பிடிபடவில்லை.

“ஆமிக்காரன் பஸ்ஸ நிப்பாட்டி எத்தின தரம் வாங்கிப் பார்த்த அட்ட அது. அவன் பார்க்காததையா கொழும்பில பார்க்கப் போறாங்க? அவங்களுக்குப் பழக்கமான அட்டையையே அனுப்புங்க காக்கா.”

அவன் துவக்கோடு கேட்டான், இவர்கள் விதியோடு கேட்கிறார்கள், விதி நமக்குத் தெரிவு கொடுத்திருக்கிறது என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குச் சிறிது பெருமையாகக்கூட இருந்தது. தபால் அட்டையின் பிரதியில் சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரதி எடுத்து முடியும்வரை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று, பழுதான தாள் ஒன்றையும் கேட்டு வாங்கிவந்தேன்.

நோன்பு முடிய ஐந்து நாள் இருக்கையில் எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. சிங்களத்தில் இரண்டு வரி: தேசிய அடையாள அட்டையின் பிரதி இணைக்கப்படவில்லை, ஆகவே விசாரணையை ஆரம்பிக்க முடியாது.

அன்றே அந்த அட்டையின் பிரதியை அனுப்பியிருக்க வேண்டும். நான் கடிதம் எழுதினேன். சுற்றறிக்கையின் இலக்கத்தையும் பந்தியையும் குறித்து, ‘ஏதேனும் ஒன்று’ என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டு, இரண்டு பக்கம். இலக்கணப் பிழை இல்லாத கடிதம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் எழுதினேன். அதற்கும் இல்லை.

இதற்கிடையில் நோன்புப் பெருநாள் வந்தது. விசாரணை நடக்கிறது, ஹயாத்தாகத்தான் இருப்பார், முகத்தைத் தொங்கப் போடாதே என்று நான் சொன்னதன்பேரில் தங்கை கைக்கு மருதோன்றி வைத்தாள். ஒரு கலியாண வீட்டுக்கும் பச்சைப் பட்டுச் சேலையோடு போய்வந்தாள்.

பதில் வராததைப் பார்த்து, பெருநாள் மாதமான ஷவ்வால் கழிந்து துல்கஃதா பிறந்ததும் ஒரு நாள் அவளே கடைத்தெருவுக்குப் போய்த் தேசிய அடையாள அட்டையைப் பிரதி எடுத்து அனுப்பினாள். பழுதான தாளைக் கேட்டு வாங்கினாயா என்று கேட்டேன். “எனக்கு அது நினப்புக்கு வரல்ல” என்றாள். திணைக்களம் அதை ஏற்றுக்கொண்டது. ஆறு கிழமையில் பதிலும் அனுப்பியது.

வேலைத்தளத்தில் நடந்த விபத்தில் அவர் இறந்து, அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டிருந்தார். புதிய முதலாளியிடம் ஊர் விலாசம் இருக்கவில்லை. இறந்த திகதியைக் கடிதம் ஆங்கில மாதத்தில் சொன்னது. பிறைக் கலண்டரில் பார்த்தபோது அது ரஜப் இருபது.

தங்கை அழுவதற்கு முன் பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவி வந்து கணக்குப் பார்த்தார். இத்தாவின் நாட்கள் செய்தி வந்த நாளிலிருந்து அல்ல, மௌத்தான நாளிலிருந்தே ஓடும் என்றார். அவை போன மாதம், துல்கஃதாவோடு முடிந்துவிட்டன. தெரியாமல் போனதற்குக் குற்றமில்லை, இனி இருக்கத் தேவையில்லை என்று ஆறுதலாகத்தான் சொன்னார்.

தங்கை சேலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவருக்கு நான் ஒண்டுமே செய்யல்ல” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நானும் என் கணக்கைப் பார்த்தேன். முதலிலேயே அந்த அட்டையை அனுப்பியிருந்தால், அதே ஆறு கிழமையில், ஷவ்வால் நடுவில் செய்தி வந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு நாட்கள் அவளுக்கு மிஞ்சியிருக்கும். விதி என் பக்கம்தான் இருந்தது. காரியாலயப் பழக்கத்தில், கோவைக்குள் போடுமுன் கடிதத்தின் மேல் மூலையில் எழுதினேன்: கிடைத்தது, துல்ஹஜ் பிறை பதினேழு.