ஹந்தானைக் கல் வீட்டின் வடக்குச் சுவர்

1. குளித்த கற்கள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை சைட்டுக்குப் போனால், கற்களெல்லாம் குளித்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதில் என்ன கேடு என்று கேட்பீர்கள்.

கட்டட வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக விவரமாகவே சொல்கிறேன். ஹந்தானை மலையில் ஒரு கருங்கல் பண்ணை வீடு. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. கீழே மாட்டுத் தொழுவம், மேலே ஆட்கள் இருக்க அறைகள், இரண்டு அடிக் கனத்தில் சுவர். கொழும்பு முதலாளி ஒருவர் வாங்கி ஹோட்டலாக்கத் தொடங்கினார். மாடு படுத்த இடத்தில் மனிதர் படுக்க ஆயிரக்கணக்கில் வாடகை. நான் அங்கே சைட் சுப்பர்வைசர்.

வடக்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. பிரித்துத்தான் கட்ட வேண்டும். முதலாளி ஒரு பாரம்பரியக் கட்டட ஆலோசகரை அழைத்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நிறையப் படித்தவர், தொப்பி இல்லாமல் படத்துக்கு நிற்க மாட்டார்.

“ஒவ்வொரு கல்லும் இருந்த இடத்துக்கே திரும்பப் போகோணும். நம்பர் போடுங்கோ” என்றார்.

சுண்ணாம்பால் நம்பர் போட்டுப் பிரித்தோம். “ஒரு கல்லு மாறினாலும் மேசனையே மாத்திருவேன்” என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மேசன் நாவலப்பிட்டி ராமையா. கொத்தனாரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். இந்தச் சுவர் சரியாக வந்தால் மற்றச் சுவர்களும் அவருக்கே என்று பேச்சு. அதை நம்பிக் கையிலிருந்த வேறு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“பாஸ், நம்பரெல்லாம் எங்க?” என்று கேட்டேன்.

“பூசைக்குக் கரண்டி, மட்டம், மிக்சர் எல்லாம் கழுவினோம் சேர். கல்லும் நமக்குச் சோறு போடுறதுதானே, அதை மட்டும் அழுக்கா விட்டா நல்லாவா இருக்கும்...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

2. தொப்பியும் சுவரும்

ஆலோசகர் பிரிக்கும் முன்பே நிறையப் படம் எடுத்திருந்தார். ஏதோ சாக்குச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். எல்லாப் படத்திலும் அவரே நடுவில் நின்று சுவரை மறைத்திருந்தார். தொப்பியைப் பார்த்துச் சுவர் கட்ட முடியாது.

வேறு வழியில்லாமல் பாஸ் தன் கைக்கு வந்தபடி கட்டினார். மூலைக்குப் பெரிய கல், கனத்துக்குக் குறுக்கே நீளக் கல், இடுக்குக்குச் சில்லு, சுண்ணாம்புச் சாந்து. சுவர் நேராக நின்றது.

ஆலோசகர் பார்க்க வந்த அன்று பாஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆலோசகர் சுவரைத் தடவினார், தள்ளி நின்று பார்த்தார், மறுபடி தடவினார்.

“பாத்தீங்களோ? ஒரு கல்லும் மாறேல்லை. இந்தக் காலத்து ஆக்களால இப்பிடி அடுக்க ஏலாது.”

ஒரு கல்லின் பொந்துக்குள் குங்குமம் ஒட்டியிருந்ததைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். “இது அந்தக் காலத்துத் தொழிலாளரின்ர சடங்கு. ஒருத்தரும் கழுவிப்போடாதேங்கோ.”

முதலாளிக்குப் புல்லரித்துவிட்டது. மற்றச் சுவர்களும் பாஸுக்கே கிடைத்தன. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

3. போர்டு

ஹோட்டல் திறந்த பிறகு பாஸ் தன் மனைவிக்குச் சுவரைக் காட்டக் கூட்டிவந்தார். நானும் போயிருந்தேன். பாஸ் கல்லில் கை வைத்ததும் காவல்காரர் ஓடிவந்தார்.

“அண்ணே, தொடாதீங்க. வெள்ளைக்காரன் காலத்துச் சுவரு. போர்டுல போட்டிருக்கு.”

பாஸ் கையை இழுத்துக்கொண்டார்.

“என்னங்க, நீங்க கட்டினதுன்னு சொன்னீங்க?” என்றார் மனைவி.

“இல்ல புள்ள. கட்டுறப்ப பக்கத்துல நின்னேன்.” பின்பக்கச் சுவர் வேலை இன்னும் பாக்கி இருந்தது. வேறென்ன சொல்வார்? அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அந்த அம்மா விடவில்லை. குனிந்து பொந்தைப் பார்த்தார். “அப்ப இந்தக் குங்குமம் யாரு வச்சது?”

காவல்காரர் போர்டைப் படித்தார். “அந்தக் காலத்துச் சடங்காம் அக்கா.”

“அந்தக் காலம்னா போன வருசமா? என் குங்குமச் சிமிழு காணாமப் போனதும் அப்பத்தான்!”

பாஸ் வானத்தைப் பார்த்தார். நான் இருமினேன்.

பழைய கட்டடத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைகளே, இதைத் தெரிந்துகொண்டு போங்கள். சுவர் கோணினால்தான் யார் கட்டியது என்று கேட்பார்கள். நன்றாக வந்துவிட்டால் அதைக் கட்டியவர் செத்து நூறு வருசம் ஆகியிருக்க வேண்டும்.