உதட்டோரத்தில் ஒரு கோடு

என் கணவர் இறந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் நினைவு மலரின் அட்டைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. கைபேசிப் படங்களில் எல்லாம் அவர் யாருக்கோ பின்னால் நின்றார். மிஞ்சியது பிரெஞ்சு வதிவிட அட்டைக்காகச் சிரிக்காமல் எடுத்த படம் மட்டும்தான்.

"அப்பாவை நான் கீறுறன்" என்றாள் ஓவியக் கல்லூரியில் படிக்கும் மகள்.

பதினைந்து நாள் அறைக்குள்ளேயே இருந்தாள். எண்ணெய் வர்ணத்தில் ஒரு மெல்லிய பூச்சு, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. முடித்த படத்தில் கோடே இல்லை. உதட்டோரமும் கண்ணின் கடையும் நிழலுக்குள் கரைந்திருந்தன. கன்னம் எங்கே முடிகிறது, பின்னால் உள்ள இருட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியர்கள் இப்படித்தான் தீட்டினார்களாம். ஸ்ஃபுமாத்தோ என்று பெயராம். புகைபோலக் கரைவது.

"அப்பா சிரிக்கப் போறாரோ ஏசப் போறாரோ எண்டு ஒருநாளும் தெரியாதே அம்மா. அதுதான் வாயை அப்பிடி விட்டனான்."

அன்று பின்னேரம் புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருந்து கணவரின் அண்ணன் வந்தார். படத்தை யன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இருவது வருசம் றெஸ்ரோறன்ற் குசினியிலை புகைக்குள்ளை நிண்டவன். செத்தாப் பிறகும் அவனைப் புகைக்குள்ளையே நிப்பாட்டி வைச்சிருக்கிறியள். சனம் பாத்திட்டு இது ஆற்றை செத்தவீடு எண்டு கேக்கப்போகுது."

மகள் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. அதைவிட மோசமாக, அவர் சொன்னதை நம்பினேன்.

மறுநாள் காலை லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இருக்கும் அச்சகக்காரர் அழைத்தார். "அக்கா, பத்து மணிக்குள்ளை படம் வேணும்." மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் புருவம் தீட்டும் பென்சிலை எடுத்தேன். ஆள் யாரென்று தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இடது உதட்டோரத்தில் வைத்து இழுத்தேன். பூச்சு உள்ளே காயவில்லை. பென்சில் இறங்கி, வர்ணத்தை உழுதுகொண்டு போனது. பதறி விரலால் தேய்த்தேன். பாதிக் கன்னம் சாம்பல் நிறக் கறையாயிற்று.

மத்தியானம் வந்தவள் படத்தைக் கண்டாள்.

"ஆர் தொட்டது?"

"நான்தான். கொஞ்சம் தெளிவா இருக்கட்டும் எண்டு..."

பிரெஞ்சில் கத்தினாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது, அதுவே போதுமாயிருந்தது. நானும் விடவில்லை. "சனத்துக்கு முன்னாலை நான்தானே நிக்கவேணும்! உனக்கென்ன!" என்றேன். அவள் நிறுத்தினாள். எனக்கு ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பதுபோல், தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"திருப்பிக் கீற ஏலாது. இப்ப அப்பாவை நினைச்சா உங்கடை கோடுதான் வருது."

நினைவு மலரின் அட்டையில் வதிவிட அட்டைப் படமே வந்தது. முப்பத்தோராம் நாள் மண்டப வாசலில் அண்ணன்காரர் அதைக் கையில் வைத்துத் தலையாட்டினார்.

"இப்பதான் தம்பி தம்பி மாதிரி இருக்கிறான்."

"ஓம் அத்தான். பொலிஸ் மறிச்சாக் காட்ட எடுத்த படம். உங்களுக்கு நல்லா விளங்கும்தானே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. அவ்வளவுதான்.

நினைவு மலர்களை மகள்தான் வரிசை வரிசையாகக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்தே நீட்டினாள். என்னிடம் வந்தபோது எனக்கும் ஒன்றை அப்படியே தந்தாள். "பிள்ளை" என்றேன். அவள் நிற்கவில்லை, அடுத்த வரிசைக்குப் போனாள்.